ஆட்ட விதியை யார் மாற்றுவது?

மேலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் விளையாட்டின் மூலம் பயிற்சி கொடுக்கும் வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. முதலில் பிரஷ்யப் படை அதிகாரிகளின் வரைபடமும் பகடையும், அடுத்து 1950களில் அமெரிக்க நிறுவனங்களின் கணினி, இப்போது ஆளுக்கொரு திரை என்று வரிசை நேராகப் போகும். கருவி வளர வளரப் பயிற்சியும் வளர்ந்தது என்று படிக்கிறவர் தாமே முடிவுகட்டிக்கொள்வார். எனக்கு இந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. ஒரு நிறுவனம் மாறுகிறது என்றால் அதற்குள் இதுவரை செல்லுபடியான விதிகள் மாறுகின்றன: யார் யாரைக் கேட்டு முடிவெடுப்பது, எதைக் கணக்கில் எழுதுவது, எது தவறு, எது திறமை. விதிகள் அசையாமல் நிற்கும் ஒரு விளையாட்டு எவ்வளவு நேர்த்தியான கணினியில் ஓடினாலும், இருக்கிற ஒழுங்குக்குள் கெட்டிக்காரராக இருக்கத்தான் பழக்கும். மாற்றத்துக்குப் பழக்க வேண்டுமானால் விளையாடுகிறவர்கள் எங்கோ ஓரிடத்தில் விதியையே எடுத்துப் பேச வழி இருக்க வேண்டும். அந்த வழியை யார் திறந்தார்கள், யார் அடைத்தார்கள் என்று தேடிப் போனால், இந்த வரலாற்றின் திருப்பங்கள் வேறு இடங்களில் அமைகின்றன.

தொடக்கம் பிரஷ்யா என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812இல் அரசர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்முக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன் அதை முற்றிலும் திருத்தி 1824இல் வெளியிட்டார். 1:8000 அளவில் நிலவரைபடம், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடப் போர் நேரம், சேதத்தைத் தீர்மானிக்கப் பகடை, இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். தளபதியாக ஆடுகிறவர் தம் படைக்கு எழுத்தில் உத்தரவு கொடுக்க வேண்டும். அது போய்ச் சேரும் நேரத்தை நடுவர் கணக்கிடுவார். எதிரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்தால்தான் அவன் கட்டைகள் மேசைமேல் வரும். தலைமைப் படைத்தலைவர் முஃப்லிங் அரைமனதோடு பார்க்க உட்கார்ந்து, இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று வியந்து எழுந்தார் என்பதை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதற்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. விதிநூல் தடித்தது, அட்டவணைகள் பெருகின, கணக்குப் போட்டே அதிகாரிகள் களைத்தார்கள். 1870களில் மெக்கல், வெர்டி டு வெர்னுவா என்ற படை அதிகாரிகள் இதற்கு எதிராகக் கிளம்பினார்கள். வெர்டி 1876இல் அட்டவணையையும் பகடையையும் ஓரங்கட்டி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டார். அட்டவணையோடு யாரும் வாதாட முடியாது. மனிதரின் தீர்ப்பைக் காரணம் கேட்கலாம், ஆட்டம் முடிந்தபின் மறுத்துப் பேசலாம். பயிற்சியின் கனம் மேசையிலிருந்து பேச்சுக்கு நகர்ந்தது அப்போதுதான்.

போர்க்களத்தை விட்டு இந்த முறை தொழிற்சாலைக்குள் நுழைந்தது 1932இல், லெனின்கிராடில். அங்கே பொறியியல்-பொருளாதாரக் கல்விக்கழகத்தைச் சேர்ந்த மரியா பிர்ஷ்டெய்ன், ராணுவ விளையாட்டை முன்மாதிரியாகக் கொண்டு லிகோவோ தட்டச்சுப்பொறி ஆலைக்கென்று ஒரு பயிற்சியை வடிவமைத்தார். உற்பத்தித் திட்டம் திடீரென்று பெருமளவு மாறினால் ஆலை தன்னை எப்படி மறுசீரமைத்துக்கொள்வது என்பதே அதன் பொருள். உலகின் முதல் நிர்வாக விளையாட்டு என்று பலரும் கருதுவது, நிறுவன மாற்றத்தைப் பற்றிய விளையாட்டாகவே பிறந்தது. அந்த ஆண்டை யோசித்துப் பார்த்தால் இது தற்செயல் என்று தோன்றாது. 1928இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கு ஆண்டு மூன்று மாதங்களில் முடித்துவிட்டதாக 1932 இறுதியில் சோவியத் அரசு அறிவிக்கவிருந்தது. இலக்குகள் ஆண்டின் நடுவிலும் உயரும், உதிரிபாகம் வராது, நேற்று ஒன்றைச் செய்த பிரிவு இன்று வேறொன்றைச் செய்ய வேண்டும். ஆலைகளை நடத்தியவர்களில் பலர் அந்தப் பொறுப்புக்குப் புதியவர்கள். பழைய பொறியாளர்களோ 1928 ஷாக்தி வழக்கையும் 1930 தொழில் கட்சி வழக்கையும் பார்த்து நடுங்கியிருந்தார்கள். நாசவேலைக் குற்றச்சாட்டில் கூண்டில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தாம். உண்மையான பட்டறையில் உற்பத்தி தடைபட்டால் அதற்கு ஒரு குற்றவாளி வேண்டும். பயிற்சி மேசையில் தடைபட்டால், எந்தப் பிரிவுக்கும் எந்தப் பிரிவுக்கும் இடையே வேலை சிக்கிக்கொண்டது என்று பார்த்தால் போதும். அந்த நாட்டில் அந்த ஆண்டில் இப்படிப்பட்ட ஒரு மேசையைப் போட்டது சிறிய காரியமில்லை என்றே நினைக்கிறேன்.

1930களின் இறுதியில் சோவியத் நாட்டில் இந்த ஆட்டங்கள் நின்றுபோயின. அதற்குக் காரணம் சொல்லத் தனி ஆணை எதையும் தேட வேண்டியதில்லை. பணி ஒழுங்கமைப்பை அறிவியலாக ஆராயும் இயக்கத்தின் தலைமகன் அலெக்சேய் காஸ்தெவ். 1920இல் மாஸ்கோவில் மத்திய உழைப்பு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர். லெனினே ஆர்வம் காட்டிய முயற்சி அது. 1938இல் அவரைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு சுட்டுக் கொன்றார்கள். ஆலை ஏன் தடுமாறுகிறது என்று அமைப்பைக் கேட்கும் எந்தக் கேள்வியும், திட்டத்தை வகுத்தவரைக் கேட்கும் கேள்வியாக மாற நெடுநேரம் ஆகாது. 'திட்டம் மாறினால் நாம் எப்படி மாறுவது' என்று தொடங்கும் ஆட்டம் நான்காவது சுற்றில் 'இந்தத் திட்டம் நடக்குமா' என்று போய் நிற்கும். பிர்ஷ்டெய்ன் பிழைத்திருந்தார், பல ஆண்டுகளுக்குப் பின் அந்த வேலைக்கே திரும்பினார். ஆனால் அதற்குள் விளையாட்டு அமெரிக்காவில் இன்னொரு முறை பிறந்து, உலகம் அதையே முதல் பிறப்பாக எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டாம் பிறப்பின் குணம் வேறு. விமானப் படையின் உதிரிபாகக் கிடங்குகளை நிர்வகிப்பதற்காக ராண்ட் ஆய்வகம் 1955இல் 'மோனோபொலாக்ஸ்' என்ற ஆட்டத்தை உருவாக்கியது. அடுத்து அமெரிக்க மேலாண்மைச் சங்கம், கடற்படைப் போர்க் கல்லூரியின் விளையாட்டுகளைப் பார்த்து வந்த உற்சாகத்தில், ஐபிஎம் 650 கணினியில் ஓடும் ஒரு நிர்வாக ஆட்டத்தை 1957இல் களமிறக்கியது. போட்டி அணிகள் ஒரே பொருளை ஒரே சந்தையில் விற்கும். விலை, உற்பத்தி அளவு, விளம்பரம், ஆராய்ச்சி என்று காலாண்டுக்கு ஒரு முறை முடிவெடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். கணினி லாப நட்டத்தைச் சொல்லும். மெக்கின்சி ஆலோசகர் ஆண்ட்லிங்கர் 1958இல் கணினி இல்லாமலே ஆடும் ஒன்றை ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வெளியிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் வந்துவிட்டன, 30,000க்கு மேற்பட்ட நிர்வாகிகள் ஆடிவிட்டார்கள் என்று கிப்பீ, கிராஃப்ட், நேனஸ் மூவரும் 1961இல் எழுதிய நூல் மதிப்பிட்டது. நான்கே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய பரவல். அதன் காரணம் கணினி மோகம் மட்டுமில்லை. போட்டி, காலாண்டு அறிக்கை, முதலிடம் என்று அவர்கள் ஏற்கெனவே நம்பிய உலகத்தையே இந்த ஆட்டம் மேசைமேல் வைத்தது. விளம்பரத்துக்கு எத்தனை டாலர் போட்டால் விற்பனை எவ்வளவு ஏறும் என்ற சமன்பாடு கணினிக்குள் பூட்டியிருந்தது. அதை ஊகித்தவர் வென்றார். அந்தச் சமன்பாடு சரியா என்று கேட்க ஆட்டத்தில் இடமில்லை. கேட்டால் ஆட்டத்தைக் கெடுப்பவர் என்றுதான் பெயர் கிடைத்திருக்கும்.

நிலையான விதிகளுக்குள் நன்றாக ஆடத் தெரிவதும் திறமைதானே என்று கேட்கலாம். திறமைதான், கையிருப்புக் கணக்கும் விலை நிர்ணயமும் படிக்க வேண்டியவர்களுக்கு இந்த ஆட்டங்கள் நல்ல பாடப்புத்தகம். ஆனால் மாற்றத்துக்கான பயிற்சி என்ற பெயரில் இவற்றை விற்கும்போது ஒரு பளு இடம் மாறுகிறது. ஆட்டம் மாறாது, ஆகவே ஆள்தான் மாற வேண்டும் என்றாகிவிடுகிறது. 1964இல் ஹார்வர்டு உளவியலாளர் மெக்லெல்லாண்ட் ஆந்திரக் கடற்கரைக் காக்கிநாடாவின் வியாபாரிகளைத் திரட்டி ஹைதராபாத்தில் கொடுத்த பயிற்சியை இங்கே நினைக்கலாம். சாதனை வேட்கையை வளர்ப்பது அதன் நோக்கம். அதன் பயிற்சிகளில் ஒன்று வளையம் எறிதல்: எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை எறிபவரே தேர்ந்துகொள்வார், அதிலிருந்து அவர் எவ்வளவு இடர் ஏற்பவர் என்று அவருக்கே காட்டுவார்கள். பயிற்சி பெற்றவர்கள் பிறகு அதிகம் முதலீடு செய்தார்கள், புதிய தொழில் தொடங்கினார்கள் என்று அவரும் சக ஆய்வாளர் விண்டரும் 1969இல் எழுதினார்கள். அந்த முடிவை நான் மறுக்கவில்லை. கடன் கிடைக்கும் வழி, உரிமம் வாங்கும் பாடு, சந்தையில் யார் யாருக்குச் சரக்குக் கொடுப்பார் என்ற கட்டுக்கோப்பு எல்லாம் வளையம் எறியும் முற்றத்துக்கு வெளியிலேயே நின்றன என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்தப் பளுவைத் திரும்ப இடம் மாற்றியது ஓர் எளிய பலகை ஆட்டம். எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டரின் குழு 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய பீர் விளையாட்டு அது. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு இருக்கைகள். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஆர்டர் சீட்டு மட்டும் கை மாறும். அந்தச் சீட்டு மேலே போகவும் சரக்கு கீழே வரவும் வாரக்கணக்கில் ஆகும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர், கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர் செலவு. வாடிக்கையாளர் முதல் சில வாரங்கள் வாரத்துக்கு நான்கு பெட்டி கேட்கிறார், பிறகு எட்டு கேட்கிறார், அதற்கு மேல் கடைசிவரை எட்டேதான். இவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் கடைக்காரர் பதறிக் கூடுதலாகக் கேட்கிறார். அதைக் கண்டு மொத்த வியாபாரி இன்னும் கூட்டுகிறார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது ஆர்டர் பூதமாகி நிற்கிறது. சில வாரம் கழித்துச் சரக்கு வெள்ளமாக வந்து சேர, எல்லாரும் ஆர்டரை நிறுத்துகிறார்கள். ஆய்வாளர் ஜான் ஸ்டெர்மன் 192 பேர் ஆடிய 48 ஆட்டங்களை ஆராய்ந்து 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். நுணுகி ஆராய ஏற்ற தரவு கிடைத்த அணிகளின் சராசரிச் செலவு, ஆகக்கூடிய குறைந்தபட்சச் செலவைப் போலப் பத்து மடங்கு. ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று கடைக்காரர் தவிர மற்ற இருக்கைக்காரர்களை வரைந்து காட்டச் சொல்வது வழக்கம். மலையும் பள்ளமுமாக வரைவார்கள். உண்மையான கோட்டைக் காட்டும்போதுதான், தாங்கள் திட்டித் தீர்த்த வாடிக்கையாளர் ஒரே ஒரு முறைக்கு மேல் அசையவே இல்லை என்பது உறைக்கும்.

மேலோட்டமாகப் பார்த்தால் பீர் விளையாட்டும் பூட்டிய ஆட்டம்தான். விதிகளை யாரும் மீற முடியாது. ஆனால் அது எல்லாரையும் தோற்க வைத்து, பிறகு விதியை நோக்கித் திருப்புகிறது. நால்வரும் புத்திசாலிகள், நால்வரும் தத்தம் இருக்கையில் நியாயமாகவே நடந்தார்கள், இருந்தும் எல்லாம் கவிழ்ந்தது என்றால் கேள்வி தாமதத்தைப் பற்றியும் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பற்றியும்தான் எழ முடியும். கடைக்காரரின் விற்பனைக் கணக்கை ஆலை ஏன் நேரடியாகப் பார்க்கக் கூடாது? 1990களில் பிராக்டர் அண்ட் கேம்பிள் குழந்தைகளின் டயாப்பர் ஆர்டர்களைக் கவனித்தபோது கண்டதும் இதே ஏற்ற இறக்கம். குழந்தைகளின் தேவையோ ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது. விற்பனைத் தரவைச் சங்கிலி நெடுகப் பகிர்வது என்ற தீர்வை ஆட்டத்துக்குப் பிந்திய பேச்சில் மாணவர்கள் தாங்களே எட்டிவிடுவார்கள். நிறுவனங்கள் எட்டியது பல ஆண்டு கழித்து, தரவைக் கைவிட மனமில்லாத துறைகளோடு மல்லுக்கட்டிய பிறகு.

என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஜப்பானியக் கடற்படையிலிருந்து வருகிறது. மிட்வே போருக்கு முந்தைய 1942 மே மாதத்தில் 'யமாதோ' கப்பலில் நடந்த போர் விளையாட்டைப் பற்றி அந்தக் கடற்படையின் அதிகாரிகளான ஃபுச்சிதாவும் ஒகுமியாவும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கக் குண்டுவீச்சுக்குப் பகடை உருட்டியபோது ஒன்பது குண்டுகள் பட்டதாக விழுந்தது. ஜப்பானிய விமானந்தாங்கிகள் 'அகாகி', 'காகா' இரண்டும் மூழ்கின. ஆட்டத்தை நடத்திய அட்மிரல் உகாகி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார், 'அகாகி' தப்பியது. மூழ்கியதாக ஒப்புக்கொண்ட 'காகா'வும் அடுத்த கட்ட ஆட்டத்தில் உயிரோடு திரும்பியது. ஜூன் 4ஆம் தேதி நிஜமான கடலில் தாக்கப்பட்ட இரண்டுமே திரும்பவில்லை. விதியைத் திறந்து வைத்தால் அதிகாரம் உள்ளவர் கையை நுழைப்பார், பூட்டிய கணினியே மேல் என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒரு சங்கடமான குறிப்பைச் சேர்க்கிறார்கள்: உயரத்தில் பறந்து குண்டுவீசும் தரைத்தள விமானங்கள் நகரும் கப்பலைத் தாக்குவது அரிது, மிட்வேயில் அவற்றின் குண்டு ஒன்றும் படவும் இல்லை, ஆகவே உகாகி குறைத்த எண்ணிக்கை அப்படியொன்றும் அநியாயமில்லை. ஃபுச்சிதாவின் நினைவுகளையும் முழுக்க நம்ப முடியாது என்பது வேறு. என் கண்ணில் படும் கோளாறு எண்ணிக்கையில் இல்லை. எதிரியின் விமானந்தாங்கிகள் பக்கவாட்டில் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அந்த ஆட்டத்தில் எழுந்தது. ஒரே தட்டில் தீர்த்துவிடுவோம் என்ற தொனியில் ஒரு வீறாப்பான பதில் வந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது. கணினி அந்த மேசையில் இருந்திருந்தாலும் அந்தப் பதிலுக்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்காது.

இன்னொரு மறுப்பு தொழிற்சங்கங்களின் பக்கத்திலிருந்து வர வேண்டியது. முடிவை மேலே எடுத்துவிட்டு, அதை ஊழியர்கள் தாங்களே கண்டுபிடித்ததுபோல் உணர வைக்கத்தானே இந்தப் பயிற்சிகள்? சந்தேகம் நியாயமானது. வர்ஜீனியாவின் மேரியன் நகர்ப் பைஜாமா ஆலையில் கோச், ஃப்ரெஞ்ச் இருவரும் செய்து 1948இல் வெளியிட்ட ஆய்வு விளையாட்டைப் பற்றியது இல்லை என்றாலும் இந்தத் துறையின் அடித்தளக் கல். வேலைமுறை மாற்றத்தைச் சும்மா அறிவிக்கப்பட்ட குழுவில் நாற்பது நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். மாற்றத்தை வடிவமைப்பதில் எல்லாருமே பங்கேற்ற குழுக்களில் யாரும் விடவில்லை, உற்பத்தி பழைய அளவைத் தாண்டி 14 சதவீதம் ஏறியது. நிர்வாகப் பயிற்சியாளர்கள் அலுக்காமல் சொல்லும் கதை இது. அதே ஃப்ரெஞ்ச், வேறு இருவரோடு சேர்ந்து நார்வே ஆலை ஒன்றில் இதைத் திரும்பச் செய்து 1960இல் எழுதியதை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அங்கே உற்பத்தியில் வித்தியாசமே தெரியவில்லை. தொழிலாளர்கள் முடிவெடுக்க விட்டுக்கொடுக்கப்பட்டவை பெரிய விஷயங்கள் இல்லை. அவர்களுக்கோ தங்கள் குரலை எடுத்துச் செல்லச் சங்கம் என்ற வழி ஏற்கெனவே இருந்தது. எதை மாற்றலாம் என்ற வட்டத்தை நிர்வாகம் முன்கூட்டியே சிறிதாக வரைந்துவிட்டால் உள்ளே நடக்கும் பங்கேற்பு ஆறுதல்தான். மறுப்பை இந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டையே விட்டுவிட வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து வராது. வட்டம் எவ்வளவு பெரியது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதுதான் வரும். பயிற்சியின் பலனை மனநிறைவு, கற்றல், நடத்தை, விளைவு என்று நான்கு படிகளாக அளக்க வேண்டும் என்று கிர்க்பேட்ரிக் 1959இலேயே எழுதினார். நிறுவனங்கள் இன்றும் பெரும்பாலும் முதல் படியில் நின்று, எல்லாருக்கும் பிடித்திருந்ததா என்று படிவம் நிரப்பி வாங்கிக்கொண்டு கலைந்துவிடுகின்றன. வட்டத்தைப் பற்றிய கேள்வி அந்தப் படிவத்தில் இருக்காது.

வட்டத்தை மிகப் பெரிதாக வரைந்த முயற்சி மறுபடியும் சோவியத் மண்ணிலேயே நடந்தது என்பதைத்தான் கருவிகளின் வரலாறு முழுதாகத் தவறவிடுகிறது. மெய்யியலாளர் கியோர்கி ஷெத்ரோவித்ஸ்கி, 1968இல் அதிருப்தியாளர்களுக்கு ஆதரவாகக் கடிதத்தில் கையெழுத்திட்டதற்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். 1979இல் யூரல் பகுதியின் நோவயா உத்கா என்ற ஊரில் அவர் 'நிறுவனச் செயல்பாட்டு விளையாட்டு' என்ற ஒன்றைத் தொடங்கினார். யூரல் பகுதிக்கான நுகர்பொருள்களின் வகைகளை எப்படித் திட்டமிடுவது என்பது கொடுக்கப்பட்ட பணி. கணினியும் இல்லை, புள்ளிகளும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவர்கள் நாள்கணக்கில் குழுவாகவும் பிறகு முழு அவையிலும் உட்கார்ந்து, கொடுக்கப்பட்ட பிரச்சினை உண்மையில் பிரச்சினைதானா, அதைப் பிரச்சினை என்று வைத்தவர் எந்த நிலையிலிருந்து வைத்தார் என்று சண்டை போட்டார்கள். நகரங்கள், கட்டுமானம், மின்துறை என்று அடுத்த பத்தாண்டில் ஆட்டங்கள் பெருகின. 1981இல் அணுமின் நிலையங்களைக் கட்டிய நிர்வாகிகளுக்கு அவர் உரைகள் நிகழ்த்தினார். வெர்டி 1876இல் நடுவரிடம் ஒப்படைத்ததை இவர் ஆடுகிறவர்களிடமே ஒப்படைத்துவிட்டார் என்று சொல்லலாம். இருந்தும் ஆட்டத்துக்கு ஆளனுப்பியது அமைச்சகம். ஆட்டம் முடிந்ததும் ஆலையின் இலக்கை எழுதியதும் அதே அமைச்சகம். ஊர் திரும்பியவர்கள், எந்த விதி தங்களைக் கட்டுகிறது என்று ஒரு வாரம் பேசித் தெளிந்தவர்களாக, அதே விதியின் கீழ் 1991வரை வேலை பார்த்தார்கள்.